மௌன குருவும் தக்காளிப் பிரசாதமும்

குரு பூர்ணிமா அன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான்.

ஓசூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகணும். ராயக்கோட்டையில ஏறி வர்ற குருஜியைக் கார்ல ஏத்திக்கிட்டு, மத்திகிரியில இருக்கிற எங்க வீட்டுக்கு வரணும்.

அவ்வளவுதான். வழியில ஒரு கட்டு கறிவேப்பிலை கூட வாங்க வேண்டியதில்ல.

"இதுல தப்பு பண்றதுக்கு என்ன இருக்கு?"ன்னு என் மனைவி மல்லிகாகிட்ட நான்தான் கேட்டேன்.

மக்களே, இருந்துச்சு. நிறையவே இருந்துச்சு.

முதல்ல என்னைப் பத்திச் சொல்லிடறேன். சொந்த ஊரு சிவகாசிப் பக்கம். இங்க ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில குவாலிட்டி செக்கிங். வரிசையா வர்ற பீஸ்ல தப்பான பீஸைக் கண்டுபிடிச்சு ஓரமா தூக்கிப் போடறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

மல்லிகா போன வருஷம் ஒரு தியான குரூப்புல சேர்ந்தா. ராயக்கோட்டை மலைக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஆசிரமம். அங்க இருக்கிற குருஜி தினமும் காலையில போன்ல பேசி அனுப்புவாரு. "மூச்சைக் கவனிங்க"ம்பாரு. மல்லிகா மூச்சைக் கவனிப்பா. நான் அடுப்புல இருக்கிற பாலைக் கவனிப்பேன்.

எங்க தெருவுல மட்டும் ஒரு பட்டாளமே சேர்ந்தாச்சு. ஆனா ஒருத்தர் கூட குருஜியை நேர்ல பார்த்ததில்ல. போட்டோவும் கிடையாது. "உருவத்தைப் பிடிச்சுக்காதீங்க"ன்னு எடுக்கவே விடமாட்டாராம். குரூப் படத்துல ஒரு விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கும். அந்தக் குரல்தான் எல்லாருக்கும் பழக்கம்.

நேர்ல தெரிஞ்சவங்க ஒரே ஒருத்தர்தான். குரூப்பை நடத்துற ருக்மணி அம்மா. ரிட்டயர்டு டீச்சர். அவங்களோ, "பூஜைக்கு ரோஜா தோட்டத்துலயே போய் வாங்கிட்டு வர்றேன்"னு காலையிலேயே பாகலூர் கிளம்பிட்டாங்க.

"சரி, குருஜியை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?"

"பார்த்தாலே தெரியுமாம். முகத்துல ஒரு சாந்தம் இருக்குமாம்."

"ஓசூர்ல சாந்தமா இருக்கிறவர் ஒருத்தர்தான் இருப்பார். கண்டுபிடிச்சிடலாம்."

"கிண்டல் வேணாங்க. இன்னொண்ணு. இன்னைக்கு அவர் மௌன விரதம். பூஜை முடிஞ்சுதான் பேசுவார். நீங்க பாட்டுக்கு ஏதாவது கேட்டு அவரைத் தொல்லை பண்ணாதீங்க."

அதாவது, குரல் மட்டுமே தெரிஞ்ச ஒரு மனுஷன். அன்னைக்குன்னு பார்த்து அந்தக் குரலுக்கும் லீவு.

நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்த கண்ணு எரிச்சலோட ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டியை நிறுத்த இடம் தேடறதுக்குள்ள ரயில் வந்து போயிடுச்சு. ஓடினேன். கூட்டம் கலைஞ்சிருந்துச்சு. வாசல்ல ரெண்டே பேர் நின்னாங்க.

ஒருத்தர், சாம்பல் கலர் பேண்ட், அரைக்கை சட்டை, தோள்ல ஒரு துணிப்பை. தபால் ஆபீஸ்ல ரிட்டயர்டு ஆனவர் மாதிரி.

இன்னொருத்தர்... ஆஹா!

நெஞ்சு வரைக்கும் தாடி. காவி வேட்டி. காவித் துண்டு. நெத்தி நிறைய விபூதி. கழுத்துல ருத்ராட்சம். கேலண்டர்ல இருந்து இறங்கி, ரயில் புடிச்சு வந்த மாதிரி இருந்தாரு. காலடியில ஒரு கூடை.

பார்த்தாலே தெரியும்னு சொன்னாங்க. தெரிஞ்சிடுச்சு!

நேரா போய்க் கும்பிட்டேன். நடுவுல அந்த அரைக்கை சட்டைக்காரர் என்னைப் பார்த்து சிரிச்சபடி ஒரு அடி முன்னால வந்தாரு.

"கொஞ்சம் தள்ளிக்குங்க சார்"னேன்.

அவரும் சிரிச்ச முகம் மாறாம தள்ளிக்கிட்டாரு.

இப்ப இதை டைப் பண்ணும்போது கூட உடம்பு கூசுது.

தாடிக்காரர்கிட்ட, "சாமி, ராயக்கோட்டையிலருந்துதானே?"ன்னேன். ஆமான்னு தலையாட்டினாரு. "எங்க வீட்டுல எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க. நீங்க பேச மாட்டீங்கன்னு எனக்கு ஏற்கெனவே சொல்லிட்டாங்க."

அவர் ஒரு நொடி திகைச்சுப் பார்த்தாரு. அப்புறம் வேகமா தலையாட்டிட்டு, வாயைக் கையால பொத்திக் காட்டினாரு.

என்ன ஒரு கட்டுப்பாடு!

கூடையைத் தூக்கினேன். உள்ள பூராவும் தக்காளி. ஆசிரமத்துத் தோட்டம் போலன்னு பயபக்தியா பின் சீட்ல வச்சு, கூடைக்கு சீட் பெல்ட் போட்டேன்.

கார் கிளம்பிச்சு. கொஞ்ச தூரம் போனதும் சாமி டேஷ்போர்டைத் தட்டினாரு. என்னைக் காட்டினாரு. புருவத்தைத் தூக்கினாரு.

'இது உன்னுடையதா?'ங்கிறாரு!

அடேங்கப்பா, எடுத்த எடுப்பிலேயே தத்துவம். நானும் விடுவேனா? மல்லிகா போன்ல கேக்குறதைத் தினம் ஓசியில கேட்டிருக்கேனே.

"எதுவும் நம்மளுது இல்ல சாமி. எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான்."

அவர் முகம் சுருங்கிடுச்சு. ரோட்டோரம் தெரிஞ்ச ஒரு கம்பெனியைக் காட்டி, மறுபடி என்னைக் காட்டினாரு.

"அதுவும் நிரந்தரம் இல்ல சாமி. இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போகும்."

நீளமா ஒரு பெருமூச்சு விட்டாரு. ஓஹோ, மூச்சைக் கவனிக்கச் சொல்றாருன்னு நானும் ஒண்ணு விட்டேன். அவர் என்னைப் பார்த்துட்டு இன்னொண்ணு விட்டாரு. நானும் விட்டேன். மத்திகிரி வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பெருமூச்சு விட்டுக்கிட்டே வந்தோம்.

எங்க வாசல்ல வாழை மரம், பெரிய கோலம், பட்டுப்புடவையில தெருப் பொம்பளைங்க மொத்தமும். வண்டி நின்னதும் ஆரத்தி சுத்தினாங்க. சாமி முகத்துல அப்பதான் கொஞ்சம் வெளிச்சம் வந்துச்சு.

உள்ள நுழைஞ்சவர் நேரா உக்காரல. சுவத்தைத் தட்டிப் பார்த்தாரு. மேல அண்ணாந்து பார்த்தாரு. குழாயைத் திறந்து, கையில தண்ணி பிடிச்சு வாயில ஊத்திப் பார்த்தாரு.

"பாருங்க, எவ்வளவு எளிமை!"ன்னு மல்லிகா கண் கலங்கினா.

நாற்காலியில உக்கார வச்சு, காலடியில பித்தளைத் தாம்பாளம் வச்சோம். பாதபூஜை. தண்ணி ஊத்தி, பால் ஊத்தி, மஞ்சள் பூசி, குங்குமம் வச்சாங்க. மனுஷன் முதல்ல காலை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டாரு. அப்புறம் சுத்தி முத்தி பார்த்தாரு. எல்லாரும் கை கூப்பி நிக்கிறாங்க. சரி, வந்த இடத்துல வம்பு எதுக்குன்னு காலை நீட்டிட்டாரு.

ஒவ்வொருத்தரா விழுந்து கும்பிட்டாங்க. எதிர்வீட்டு கலாவதி அக்கா விழுந்தவங்க எழுந்திரிக்கவே இல்ல. "சாமி, என் பையனுக்குப் பெங்களூர்ல வேலை கிடைக்குமா?"ன்னு அழுதாங்க.

சாமி பதறிப்போய், கிடைக்கும் கிடைக்கும்னு வேக வேகமா தலையாட்டினாரு.

"ஆட்டிட்டார்டி! தலையை ஆட்டிட்டார்!"ன்னு அக்கா துள்ளிக் குதிச்சாங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு சாமி ஒரு கையை தோள் உயரத்துக்குத் தூக்கி, இவ்வளவு உயரம்னு காட்டினாரு. அப்புறம் கழுத்தைச் சுத்தி விரலால ஒரு வட்டம் போட்டாரு. என்னைப் பார்த்து, எங்கன்னு கையை விரிச்சாரு.

நான் மல்லிகாவைப் பார்த்தேன்.

"மாலை கேக்குறாருங்க! ஆளுயர மாலை!"

ஓடிப்போய் மாலையைக் கொண்டு வந்து போட்டோம். அவர் மாலையைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. மறுபடியும் அதே மாதிரி கழுத்தைக் காட்டினாரு.

இன்னொரு மாலை போட்டோம்.

அதுக்கு மேல அவர் கேக்கல.

அடுத்து கூடை. "குருஜி கையால கொண்டு வந்தது"ன்னு மல்லிகா ஆளுக்கு ஒரு தக்காளி குடுத்தா. வாங்கினவங்க கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. கலாவதி அக்கா, "இதைச் சமைக்க மாட்டேன், சாமி ரூம்ல வைக்கப் போறேன்"னு முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. கொண்டு வந்த கூடை காலியாகிறதை சாமி வாயைப் பிளந்து பார்த்துக்கிட்டே இருந்தாரு.

கற்பூரம் காட்டியாச்சு. பூஜை முடிஞ்சுது. இனி குருஜி பேசுவார்!

எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிச்சு ரெக்கார்டு பண்றாங்க. மல்லிகா முன்னால போய் மண்டியிட்டு, "குருவே, பூஜை நிறைஞ்சுது. மௌனம் கலைச்சு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்"னா.

சாமி தொண்டையைச் செருமினாரு. மாலையைச் சரி பண்ணினாரு. என்னையும் மல்லிகாவையும் மாறி மாறி பார்த்தாரு.

"எல்லாம் சரிங்க. மரியாதைக்குக் குறையே இல்ல. பொண்ணு எங்கங்க?"

தூக்கிப் பிடிச்ச போன் ஒண்ணும் கீழ இறங்கல.

பின்வரிசையில இருந்து ஒரு அம்மா மெதுவா சொன்னாங்க. "ஆத்மாவைத்தான் பொண்ணுங்கிறாரு."

"ஆமா... ஆத்மா..."ன்னு நாலு பேரு முணுமுணுத்தாங்க. ஒருத்தங்க நோட் கூட பண்ணிக்கிட்டாங்க.

"அதெல்லாம் இல்லீங்க. பொண்ணு. கட்டிக்கப் போற பொண்ணு. வெளியூரு கீது போயிருக்குதா?"

மல்லிகா முகம் வெளுத்துடுச்சு. "என்னங்க... இது குருஜி குரல் இல்லீங்க..."ன்னு என் காதுல கிசுகிசுத்தா.

சரியா அப்பதான் ருக்மணி அம்மா ரெண்டு கை நிறைய ரோஜாவோட உள்ள வந்தாங்க.

"குருஜி வந்துட்டாரா?"

எல்லாரும் நாற்காலியைக் கை காட்டினோம். அவங்க கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்தாங்க.

"இது யாரு?"

அதுக்கு அவரே பதில் சொன்னாரு. பேரு மாதப்பன். ராயக்கோட்டையில தக்காளி விவசாயம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறதா வேண்டுதல், அதான் தாடியும் காவியும். பையனுக்கு ஓசூர்ல ஒரு பொண்ணு அமைஞ்சிருக்கு. முதல்ல அப்பா மட்டும் வந்து வீடு வாசலைப் பார்த்துட்டு, பொண்ணையும் பார்த்துட்டுப் போறதா பேச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிட்டுப் போறோம்னு சொன்னாங்களாம்.

"அப்புறம் ஏங்க இவ்வளவு நேரம் பேசல?" நான் கிட்டத்தட்ட அழுதுட்டேன்.

"நீங்கதானே சொன்னீங்க, பேச மாட்டேன்னு தெரியும்னு! போன சம்பந்தம் என் வாயாலதான் கெட்டுச்சுன்னு என் வூட்டுக்காரி சத்தியம் வாங்கிக்கினு அனுப்பிச்சா, பொண்ணைப் பாக்குற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு. உங்களுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டா போலன்னு நெனைச்சேன். உங்களைப் பொண்ணுக்கு சித்தப்பான்னு நெனைச்சேன். காரும் சொந்தம் இல்ல, வேலையும் நிரந்தரம் இல்லங்கிறாரே, இவரு பேச்சைக் கேட்டா அண்ணன் குடும்பம் எப்படி இருக்குமோன்னு வழியெல்லாம் கவலையா வந்தேன்!"

"கால் கழுவினப்பவாவது சந்தேகம் வரலையா?"

"ஓசூரு பக்கம் சம்பந்திக்கு இப்பிடித்தான் பண்ணுவாங்களோன்னு இருந்தேன். நல்ல பழக்கம்தானுங்க."

ருக்மணி அம்மாவுக்கு இதெல்லாம் காதுல ஏறல. "அப்போ என் குருஜி எங்க?"

நான் ரொம்ப மெதுவா கேட்டேன். "அம்மா, குருஜி... சாம்பல் கலர் பேண்ட் போடுவாராம்மா?"

"ஆமா. அரைக்கை சட்டை. துணிப்பை. ஏன்?"

தள்ளிக்கச் சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்லல.

அந்த நேரம் பார்த்து மாதப்பன் போன் அடிச்சுது. கல்யாணத் தரகர். சந்தோஷத்துல கத்தினது எங்க எல்லாருக்குமே கேட்டுச்சு.

"மாதப்பா! என்ன மாயம் பண்ணின? பொண்ணு வீட்டுல இருந்து போன் பண்ணி உன்னைப் பாராட்டு பாராட்டுன்னு பாராட்டறாங்க! ஒரு வார்த்தை பேசாம, சிரிச்ச முகமா, அப்பிடி ஒரு பெரிய மனுஷன்னு! பொண்ணை ஆசீர்வாதம் கூட பண்ணிட்டியாமே?"

"யோவ், நான் இங்க மத்திகிரியில மாலையோட உக்காந்திருக்கேன்யா!"

"அப்போ அங்க பஜ்ஜி சாப்பிடறது யாரு?"

பறந்தோம். கார்ல நான், மல்லிகா, ருக்மணி அம்மா, மாதப்பன். சத்தியம் முறிஞ்சதுக்கு அப்புறம் அந்த மனுஷன் வாயை மூடவே இல்ல. தக்காளி விலை, போர்வெல் ஆழம், மச்சானோட சொத்துத் தகராறு, எல்லாம். ராயக்கோட்டை ரோட்டுல இருந்த அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள, போன சம்பந்தம் ஏன் போச்சுன்னு எனக்கு நல்லாவே புரிஞ்சிடுச்சு.

அங்க போனா, சோபாவுல எங்க அரைக்கை சட்டைக்காரர். முன்னால கேசரி, பஜ்ஜி. பக்கத்துல பொண்ணோட அப்பா பூரிச்சுப் போய் விசிறி வீசிக்கிட்டு இருக்கார். கரன்ட் இல்லையாம்.

ருக்மணி அம்மா, "குருஜி!"ன்னு அலறிக்கிட்டே விழுந்தாங்க. மல்லிகா விழுந்தா. நானும் விழுந்தேன். மத்தவங்களைவிட கொஞ்சம் கூடுதல் நேரம் விழுந்து கிடந்தேன்.

பொண்ணோட அப்பா விசிறியோட நின்னுட்டாரு. "சம்பந்தியை எதுக்கு எல்லாரும் கும்பிடறீங்க?"

விஷயத்தைச் சொன்னோம். சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்துச்சு. "நல்லா விசாரிச்சுத்தானே கூட்டிட்டு வந்தேன்? ராயக்கோட்டையான்னு கேட்டேன், தலையாட்டினாரு. எங்க வீட்டுக்குத்தானே வர்றீங்கன்னேன், அதுக்கும் ஆட்டினாரு! அதை நம்பி ஊர் பூரா சம்பந்தம் முடிஞ்சுதுன்னு போன் போட்டுட்டேனே! இப்ப நான் என்ன சொல்லுவேன்?"

என் அரைத் தூக்கத்தால ஒரு பொண்ணு கல்யாணம் நிக்கப் போகுதா?

அப்போ உள் ரூம்ல இருந்து ஒரு சிரிப்புச் சத்தம். பொண்ணு பவித்ரா. பட்டுப்புடவையோட கதவைப் பிடிச்சுக்கிட்டு, அடக்க முடியாம சிரிக்குது. மாதப்பனோட மஞ்சள் காலையும் ரெட்டை மாலையையும் பார்த்து இன்னும் சிரிக்குது.

"சிரிக்கிற விஷயமா இது?"ன்னு அப்பா அதட்டினாரு.

"இல்லப்பா. இவரை மாமான்னு நினைச்சு மனசுல இருந்த எல்லாத்தையும் சொல்லிட்டேன். கம்பெனியில இப்பதான் லைன் இன்சார்ஜ் ஆகியிருக்கேன், கல்யாணத்துக்கு அப்புறமும் வேலையை விட மாட்டேன், ஓசூர்லதான் இருப்பேன், அதுக்குச் சம்மதமான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாரு. இப்படி ஒரு மாமனாரா, நான் குடுத்து வச்சவள்னு நினைச்சேன்."

எல்லாரும் மாதப்பனைப் பார்த்தோம். வாழ்க்கையில முதல் தடவையா, யாரும் சொல்லாமலே அவர் பேசாம நின்னாரு.

குருஜி எழுந்திரிச்சாரு. மாதப்பன் காலைப் பார்த்தாரு. ருக்மணி அம்மாகிட்ட, "பாதபூஜை நல்லபடியா ஆயிடுச்சு போல. அப்போ நான் பேசலாம்"னாரு.

அதே குரல்! மல்லிகா தேம்ப ஆரம்பிச்சுட்டா.

அவர் மாதப்பன் பக்கம் திரும்பினாரு. "அய்யா, ரெண்டு பேரும் இன்னைக்கு ஆள் மாறி உக்காந்துட்டோம். உங்க இடத்துல உக்காந்து நான் ஒரு வாக்கு குடுத்துட்டேன். பொண்ணு வேலைக்குப் போகலாம்னு. நம்ம தியான குரூப்புப் பொண்ணு ஒண்ணு என்கிட்ட சம்மதம் கேக்குதுன்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனாலும் வாக்கு வாக்குதானே? காப்பாத்திக் குடுப்பீங்களா?"

மாதப்பன் தாடியைத் தடவினாரு. "பையன் ஓசூர்லதானே வேலை பாக்குறான். அந்தப் பொண்ணு மட்டும் ராயக்கோட்டையில உக்காந்து என்கூட தக்காளி பறிக்கப் போகுதா? எனக்குச் சம்மதமுங்க. ஆனா நானும் உங்க இடத்துல உக்காந்து ஒரு அம்மாவுக்கு, பையனுக்கு வேலை கிடைக்கும்னு தலையாட்டிட்டேன். அதை நீங்க பார்த்துக்கணும்."

குருஜி சிரிச்சு சிரிச்சு சோபாவுலயே உக்காந்துட்டாரு. பொண்ணோட அப்பா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "பஜ்ஜி சூடா போடச் சொல்லு"ன்னு உள்ள பார்த்து குரல் குடுத்தாரு.

கிளம்பறப்போ குருஜிகிட்ட தனியா போய், "ஸ்டேஷன்ல உங்களைத் தள்ளிக்கச் சொன்னது நான்தான்"னேன்.

"தெரியும். ரொம்ப மரியாதையா சொன்னீங்க. சார்னு வேற கூப்பிட்டீங்க"ன்னாரு.

கல்யாணம் ஆவணியில. எங்க தெருவுக்கே பத்திரிகை வந்திருக்கு.

ஒரே ஒரு சிக்கல். பொண்ணு பாக்கப் போன இடத்துல பால் ஊத்திக் காலைக் கழுவி, விழுந்து கும்பிட்டு, ரெண்டு மாலை போட்டாங்கன்னு மாதப்பன் ஊர் பூரா சொல்லிட்டாராம். இப்ப அங்க பையனைப் பெத்தவங்க அத்தனை பேரும், சம்பந்தம் பண்ணினா ஓசூர்லதான் பண்ணுவோம்னு பிடிவாதமா நிக்கிறாங்களாம்.